பேசப்பட்டவர்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் கிராம சுகாதாரச் செவிலியர் அதை ‘எம்ஆர்எம்பிஎஸ்’ என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவள் ‘டெலிவரி பணம்’ என்பாள். அரசாணையில் அதன் முழுப்பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக வரும். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று வரிசையில் நிற்பவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆதார் நகல் இருந்தால் போதும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயருக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கை. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு 1989இல் அவர் பெயரை வைத்தார்கள். மணப்பெண் எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை; நல்ல நிபந்தனை. 2011இல் அதோடு தாலிக்கு நாலு கிராம் தங்கம் சேர்ந்தது, பிறகு எட்டு கிராம் ஆயிற்று. தாலி அடிமைச் சின்னம் என்று மேடைக்கு மேடை முழங்கிய சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த மனுஷியின் பெயரில் தாலிக்குத் தங்கம். 2022இல் திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானபோதுதான் அந்த அம்மாளின் ஆவி சற்று ஆறியிருக்கும். ஆவியை அவர் நம்பியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

போராட்டம் சட்டமாகிறது, சட்டம் திட்டமாகிறது, திட்டம் விண்ணப்பப் படிவமாகிறது. ஓர் இயக்கம் ஜெயித்ததற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் படிவத்தின் வழியாக இயக்கம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதில்லை. பணம் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது? மார்ச் 8 கூட்டங்களில் பாட்டி ஏற்றிய விளக்கை அம்மா வாங்கினாள், அம்மாவிடமிருந்து மகள் வாங்கினாள் என்றொரு சித்திரம் தவறாமல் வரும். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டின் நூறு வருடத்தைத் திருப்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு தலைமுறை யாரைப் பற்றிப் பேசியதோ, யாருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டதோ, அவர்கள் தாங்களே வாயைத் திறந்தபோதுதான் அடுத்த தலைமுறை பிறந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் முந்தைய தலைமுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

முத்துலட்சுமியிலிருந்தே தொடங்கலாம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். தனியாகப் படித்து மெட்ரிகுலேஷன் தேறிய பெண்ணை ஆண்கள் கல்லூரியில் சேர்ப்பதா என்று ஊர் கொதித்தது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது வாதம். கெட்டுப்போகும் பொறுப்பைப் பையன்களிடம் கொடுக்க அன்றும் யாருக்கும் தோன்றவில்லை. மன்னர் தொண்டைமான் தலையிட்டதால் இடம் கிடைத்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம், பிறகு அதன் துணைத் தலைவர். 1927 நவம்பரில் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதையொட்டி எதிராளியை வாயடைக்கச் செய்த பதிலடி ஒன்று மேடைதோறும் சொல்லப்பட்டுக் கைதட்டல் வாங்குகிறது, அதை விட்டுவிடுகிறேன். உண்மையில் நடந்தது அதைவிடச் சிக்கலானது.

அந்தத் தீர்மானத்தை எதிர்த்துச் சனாதனிகள் மட்டும் கிளம்பவில்லை, தேவதாசிகளே கிளம்பினார்கள். சங்கம் கூட்டினார்கள், அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்கள். எங்களை விபசாரிகள் என்று மொத்தமாக முத்திரை குத்தாதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள், கலையைப் பிடுங்காதீர்கள் என்பது சாரம். பெங்களூர் நாகரத்தினம்மாள் இந்த அணியில் நின்றவர். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைக் கவி முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்து, ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசின் தடையை வாங்கிக்கொண்டவர் அவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் எடுத்துக் கட்டினார். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றபோது பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். இவரைப் பிற்போக்கு என்று எந்த வாயால் சொல்வது? முத்துலட்சுமியைத்தான் அந்நியர் என்று எப்படிச் சொல்வது, அவர் தாயின் குலமே அதுவாக இருக்கும்போது?

இதே பிரச்சினையில் மூன்றாவது குரல் இராமாமிர்தத்தினுடையது. அவரும் அந்த மரபுக்குள்ளிருந்து வந்தவர், ஆனால் ஒழித்தே ஆக வேண்டும் என்ற கட்சி. சட்டசபையில் பேசவில்லை, மயிலாடுதுறைப் பக்கத்தில் வீடு வீடாகப் போனார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் உடன் நடந்தார், சிறைக்கும் போனார். ஆக ஒரே மரபோடு தொடர்புடைய மூன்று பெண்கள், மூன்று நிலைப்பாடு.

1929இல் வந்த சட்டத் திருத்தம் கோயில் மானிய நிலங்களைச் சேவைக் கட்டாயத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே ஆக்கியது. அதிகம் பேசப்படாத நல்ல காரியம் அது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கமே சட்டப்படி ஒழிந்தது. ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பங்களில் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனது. தமிழ்நாட்டின் மற்ற இந்துக் குடும்பத்து மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் பையனுக்குச் சமமான பங்கு 1989இல்தான் வந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டுச் சரியாக அறுபது வருடம் கழித்து.

அதுவும் எப்படி வந்தது? 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமாகிப் போனவளுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு கிடையாது. ஒரே வீட்டில் அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. அந்த ஓட்டையை அடைக்க 2005இல் மத்தியச் சட்டமும் 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்று பாருங்கள். பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள், தம்பிக்குச் சொத்தை விட்டுக்கொடுத்து. கேட்டால், “நாளைக்குப் பொறந்த வூட்டு வாசல்ல கால் வைக்கணும்ல” என்பார்கள். சீர் வரும், தாய்மாமன் மடி வேண்டும், பொங்கலுக்கு ஒரு சேலை. உரிமையை வாங்கிக் கொடுத்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு புரியாமலில்லை. பிறந்த வீட்டுக்கு மாற்றாக ஒரு பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. இப்போதும் இல்லை.

சுயமரியாதை இயக்கத்தின் பெண்கள் இந்த வரிசையில் தனி ரகம். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்க வேண்டும் எனத் தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டுக்கு அடுத்த நாளே இந்தி எதிர்ப்பு மறியலில் பெண்கள் கைதானார்கள், சிலர் கைக்குழந்தையோடு. ‘குடி அரசு’ இதழின் பக்கங்களில் பெண்கள் கருத்தடை பற்றியும் மறுமணம் பற்றியும் எழுதினார்கள். இவர்களுடைய மகள்கள் எங்கே போனார்கள்? 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது, ஆனால் அமைச்சரவைப் பட்டியலில் பெண் பெயரைத் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் பகுத்தறிவு நுழைந்தது, சமையற்கட்டை விட்டுப் பெண் வெளியே வரவில்லை என்று ஒரு வரியில் சொன்னால் திராவிட இயக்க நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். சட்டம் கொடுத்த அளவுக்கு நாற்காலி கொடுக்கவில்லை என்பது பட்டியல்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெண்கள் இயக்கத்தின் வரலாற்றில் ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் 1992ஐ எடுப்பேன். 1917 அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கிய வருடம். 1921 சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமைத் தீர்மானம் நிறைவேறிய வருடம். 1981 அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் சென்னையில் உருவான வருடம். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. 1992இல் மாநாடு எதுவும் இல்லை. ஆனால் அதுவரை யாரைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்களோ, அவர்கள் அந்த வருடம் ஒரே சமயத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல், எழுந்து நின்றார்கள்.

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். எழுத்தறிவு வகுப்பு இரவில், அரிக்கேன் வெளிச்சத்தில். பகலில் கல் உடைப்பவர்கள், நாற்று நடுபவர்கள், செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுபவர்கள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். அறிவொளிக்காரர்களுக்கு யாரோ நல்ல புத்தி கொடுத்து, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு பாட்டே உண்டு. வங்கிகள் சைக்கிளுக்குக் கடன் கொடுத்தன. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதால் பெண்கள் ஆண் சைக்கிளில் ஏறினார்கள். ஏறிப் பார்த்தபின் அதுவே தேவலை என்றும் ஆயிற்று: முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் குடமோ மூட்டையோ கட்டலாம். சேலையை எப்படி ஏற்றிச் செருகினால் செயினில் மாட்டாது என்பதை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். அந்த வருடம் மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலமாக நகருக்குள் வந்தார்கள். ஒரு லட்சம் பெண்கள் வரை சைக்கிள் பழகியதாகவும், பத்து வயதுக்குக் கீழுள்ள சிறுமிகளைக் கழித்துவிட்டால் அது மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

ஊரில் பேசியதற்கும் குறைவில்லை. “காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறா பாரு” என்றார்கள். ஆனால் இறைத்து வைத்த தண்ணீரைக் கொண்டுவர, விளைந்த காயைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக எந்த ஆம்பளையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்றானபின் அந்தப் பேச்சு தானே ஓய்ந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், அப்பனோ அண்ணனோ வரும்வரை காத்திருக்கும் நேரம், இந்த நேரமெல்லாம் மிச்சமானது. பிறகு அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது, 2021இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ‘ஓசி டிக்கெட்’ என்று சில நடத்துநர்கள் முனகிய கதையும் வந்தது. பெண் ஒருத்தி செலவில்லாமல் வீட்டைவிட்டுப் பத்து கிலோமீட்டர் போய்வர முடிவது சாதாரண விஷயம் என்று நினைப்பவர்கள், போக முடியாமல் இருந்தவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே 1992இல் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் பாடப்புத்தகத்தில் சாராயம் பற்றிப் படித்துவிட்டு, ஏலத்தையே நிறுத்தும் அளவுக்குச் சாராயக் கடைகளை அடித்துத் துரத்தினார்கள். அதே வருடம் பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது. தலித் பெண்ணைப் பற்றி மற்றவர்கள் எழுதிய காலத்தை அந்தச் சின்னப் புத்தகம் முடித்துவைத்தது. செப்டம்பரில் ராஜஸ்தானில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசு ஊழியர் பன்வாரி தேவி கூட்டு வன்முறைக்கு ஆளானார். அவருக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் அந்த வழக்கை ஒட்டித் தொடுத்த பொதுநல மனுவில்தான் 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன, அதிலிருந்து 2013 சட்டம் வந்தது. இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஏசி அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் புகார் கொடுக்க ஓர் உள்ளகக் குழு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் பானை வனையும் குயவர் சாதியில் பிறந்த ஒரு கிராமத்துப் பெண். நகரத்திலிருந்து கிராமத்துக்கு விழிப்புணர்வு போகிறது என்று சொல்பவர்கள் இந்தத் திசையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஜூன் 20, 1992. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் கையிலெடுத்த அந்த வழக்கு 2011 செப்டம்பரில் முடிந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பதின்வயதில் வன்முறைக்கு ஆளாகி, நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னவர்கள், இறுதித் தீர்ப்பு வரும்போது நாற்பதுகளின் நடுவில் இருந்தார்கள். முப்பத்தோரு வருடம் வாக்குமூலத்தை மாற்றாமல் நின்றார்கள். தலைமுறைகளைக் கடந்த பெண்கள் இயக்கம் என்று எதையாவது கையைக் காட்டிச் சொல்ல வேண்டுமென்றால் நான் இவர்களைக் காட்டுவேன்.

வாச்சாத்தியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் கதவுவரை கொண்டுபோனவர்களில் ஒருவர் மைதிலி சிவராமன். நியூயார்க்கில் ஐ.நா. வேலையை விட்டு 1968இல் ஊர் திரும்பியவர். தலித் கூலித் தொழிலாளர்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர். பின்னாளில் மாதர் சங்கத் தலைவர். அவர் 2006இல் தன் பாட்டி சுப்புலட்சுமியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், பாட்டி விட்டுச்சென்ற நாட்குறிப்பையும் துண்டுக் காகிதங்களையும் வைத்து. சின்ன வயதில் கல்யாணமாகி, படிக்க ஆசைப்பட்டு, நோயோடும் புத்தகங்களோடும் வாழ்ந்து முடிந்த பாட்டி. 2021இல் மைதிலி காலமானார். 2025இல் அவர் மகள் கல்பனா கருணாகரன் ஒரு புத்தகம் எழுதினார்: அவரும் எழுதியது தன் பாட்டியைப் பற்றி, அதாவது மைதிலியின் தாய் பங்கஜத்தைப் பற்றி. நான்கு தலைமுறைப் பெண்கள். எழுதிய இருவரும் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்துத்தான் எழுத முடிந்திருக்கிறது. அம்மாவோடு நமக்கு வழக்கு இருக்கும். கட்சிக் கூட்டத்துக்குப் போன அம்மாவோடும் இருக்கும், போகாத அம்மாவோடும் இருக்கும். பாட்டியோடு அது தீர்ந்துவிடுகிறது. இயக்கங்களிலும் இதுதான் நடக்கிறது என்று தோன்றுகிறது. இன்றைய பெண்ணியர்களுக்கு நாகரத்தினம்மாளைப் பிடிக்கிறது. எண்பதுகளில் நடைப்பயணம் போன மாதர் சங்க அக்காக்களை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

தலைமுறைகளுக்கு இடையிலான அந்த வழக்கு பகிரங்கமாக வெடித்தது 2017 அக்டோபரில். அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ராயா சர்க்கார் பாலியல் தொந்தரவு செய்ததாகச் சொல்லப்பட்ட பேராசிரியர்களின் பட்டியலை இணையத்தில் வெளியிட்டார். மூத்த பெண்ணியர்கள் சிலர், விசாரணை இல்லாமல் பெயரைப் போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். இளையவர்கள் கொதித்தார்கள்: நீங்கள் உருவாக்கிய கமிட்டிகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம். ஒரு வருடம் கழித்து மீடூ தமிழ்த் திரையுலகத்துக்கு வந்தபோது பாடகி சின்மயி பேசினார், டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். இந்தச் சண்டையில் எனக்கு மூத்தவர்களின் பயமும் புரிகிறது; முறைப்படி விசாரணை என்ற ஒன்றைக் கட்டி எழுப்ப அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அறிக்கை விடும் முன் அந்தப் பெண்களோடு பேசியிருக்க வேண்டும். நாங்கள் போராடிக் கொடுத்த கருவி இருக்கிறதே என்று சொல்வது, கருவி வேலை செய்யவில்லை என்பவளுக்குப் பதிலாகாது.

மறுபடி புதுக்கோட்டைக்கு வருகிறேன். 2000களின் தொடக்கத்தில் அங்கே ஷரீபா கானம் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். வழக்கமான ஜமாஅத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். மணவிலக்கு வழக்கில் சம்பந்தப்பட்ட பெண்ணே உள்ளே போய்ப் பேச முடியாது, அண்ணனோ மாமாவோ போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு எதிராகப் பெண்கள் தாங்களே கூடி, தலாக், வரதட்சணை, அடிதடி மனுக்களைக் கேட்டு, காவல் நிலையத்துக்கும் ஆண்கள் ஜமாஅத்துக்கும் கடிதம் அனுப்பினார்கள். தீபா தன்ராஜ் அதை 2011இல் ஆவணப்படமாக்கினார். மாதர் சங்கங்கள் பொது சிவில் சட்டம் கேட்டது முப்பதுகளிலேயே. தொண்ணூறுகளில் அந்தக் கோரிக்கையை வேறு கைகள் எடுத்துக்கொண்டபோது அவை தயங்கிப் பின்வாங்கின. அந்தத் தயக்கத்துக்கு நடுவே, யாருடைய பெயரால் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார்களோ அந்தப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து தங்கள் வழக்கைத் தாங்களே விசாரித்தார்கள்.

அதே மாவட்டம், 2022 டிசம்பர். வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த செய்தி கேட்டு ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அதை ஒட்டிய இறையூருக்குப் போனார்கள். இருவரும் பெண்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை, கோயிலுக்குள் விடுவதில்லை என்று தெரிந்து, தலித் மக்களை அழைத்துக்கொண்டு ஐயனார் கோயிலுக்குள் போனார்கள். சாமி வந்ததாகச் சொல்லி ஆடியபடி சாதியைச் சொல்லித் திட்டியவரும் ஒரு பெண்தான். பெண்கள் என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் எல்லோரையும் கூட்டிவிடலாம் என்று நினைக்கும் எந்த மேடையும் இந்தக் கோயில் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வருங்காலத்தைப் பற்றி ஜோசியம் சொல்ல எனக்கு வராது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு என்பதை 1996இல் மசோதாவாக்கி, 2023இல்தான் சட்டமாக்கினார்கள். அதையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் கட்டி வைத்தார்கள். அது வரும்போது வரட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2021இல் வந்த ஒரு சின்னத் திருத்தம்: கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்பது. தி.நகர் ஜவுளிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி சேலையை விரித்துப் போட்டு மடித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதை, அந்தக் கடையில் பட்டு எடுத்துக் கட்டிக்கொண்டு மகளிர் மாநாட்டுக்குப் போன மூன்று தலைமுறை பார்க்கவில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் போராடி 2018இல் கேரளத்தில் சட்டம் வந்தது. நாம் அதைப் பார்த்துப் பின்னால் வந்தோம்.

திண்டுக்கல்லில் 2022 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தமும் அப்படித்தான். ஓர் ஆயத்த ஆடை ஆலையில் மேற்பார்வையாளரால் ஓர் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பன்னாட்டு நிறுவனத்தையும் ஆலையையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. ஆலைத் தளத்திலேயே தொழிலாளர் பெண்களிலிருந்து கண்காணிப்பாளர்கள் பொறுக்கப்பட்டார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் சூட்டி மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கியதைப் பற்றி நாம் இருபது வருடம் கருத்தரங்கு நடத்தினோம். ஆலைப் பெண்களே எழுதிய ஒப்பந்தம் நிறுவனம், ஆலை இரண்டையும் கட்டிப்போட்டது.

இப்போது இதுபோன்ற ஆலை விடுதிகளில் தமிழ்ப் பெண்கள் குறைந்து வருகிறார்கள். திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கம் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். வார்டன் பேசுவது அவர்களுக்குப் புரியாது. சுவரில் ஒட்டியிருக்கும் புகார் எண் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரிசையாகக் கடைக்குக் கூட்டிப்போய் வரிசையாகக் கூட்டிவருவார்கள். அவர்களைப் பற்றி இப்போதே அறிக்கைகள் எழுதப்படுகின்றன, அவர்களுக்காகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே இதைப் படிக்கும் மாதர் அமைப்பினரிடமும் தொழிற்சங்கத்தினரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த மகளிர் தினத்துக்கு இன்னொரு மூத்த எழுத்தாளரைப் பேச அழைக்க வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான். அந்தச் செலவில் ஒடியா பேசத் தெரிந்த ஒரு பெண்ணை முழுநேர அமைப்பாளராக வேலைக்கு எடுங்கள். விடுதியிலிருந்தே வந்தவளாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் உங்களோடு சண்டை போடுவாள். போடட்டும்.